மோப்பு சாரின் புகழ்க் காலம்

புகழ் ஆளைக் கெடுத்துவிடும் என்று இளைஞர்களுக்குத்தான் புத்தி சொல்கிறோம். கிழவர்களை யாரும் எச்சரிப்பதில்லை. இரத்த அழுத்தம், சர்க்கரை, குளியலறையில் வழுக்கி விழுதல் என்று எனக்குக் கிடைக்காத எச்சரிக்கை இல்லை. ஆனால் அறுபத்தெட்டு வயதில், இடுப்பில் கைலியோடும் கையில் தரை துடைக்கும் மோப்போடும் நான் பிரபலமாகிவிடக்கூடும் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை.

ஆகிவிட்டேன். ஏறத்தாழ ஒரு மழைக்காலம் முழுக்க எங்கள் ஊரான ஈப்போவில் நான் பெரிய ஆள். அதற்கான விலையைக் கொடுத்தவர் வேறொருவர். நியாயமாகப் பார்த்தால் இது அவருடைய கதை. ஆனாலும் இதில் என்னைப் பற்றித்தான் அதிகம் பேசுவேன். (பழக்கம் இன்னும் போகவில்லை.)

இடைநிலைப்பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் புவியியல் கற்பித்தவன் நான். நதி எப்படித் தன் பாதையைத் தானே வெட்டிக்கொள்கிறது, தடை வந்தால் நீர் எங்கே பின்வாங்கும், எங்கே பொங்கும் என்பதையெல்லாம் படிவம் மூன்று மாணவர்களுக்கு வண்ண சாக்பீஸில் வரைந்து காட்டியிருக்கிறேன். ஓய்வு பெற்றதும் குனோங் ராபாட்டில், சுண்ணாம்பு மலையடிவாரத்தில் இருந்த எங்கள் வரிசை வீட்டின் அடுப்படியைப் பின்பக்கமாக நீட்டிக் கட்டினேன். பின்சந்தில் ஓடும் லோங்காங்கின் மேல், அதாவது சாக்கடையின் மேல், சிமெண்டு ஸ்லாப்பு போட்டு மூடி, அதன்மேல் பளபளக்கும் தரைக்கல் பதித்தேன். "ஸ்லாப்பு போட்டா முனிசிபல் கேக்கும் சார்," என்றார் கட்டுமானக்காரர். "வரிசை பூரா போட்டிருக்காங்க, என்ன மட்டும் கேக்குமா?" என்றேன். நதிகளைப் பற்றிப் பாடம் நடத்தியவனின் பதில் இது.

பிறகு ஒரு பெருமழை. மலையிலிருந்து இறங்கிய தண்ணீர் லோங்காங்கில் போக இடமில்லாமல் எங்கள் அடுப்படிக்குள் வந்தது. அரிசிப் பானை மிதந்தது. என் மனைவி பத்மா நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டு, என் படிப்பைப் பற்றி எனக்கு மறந்துபோயிருந்த சில விஷயங்களை ஞாபகப்படுத்தினாள். நான் முனிசிபலுக்குப் போன் செய்து கத்தினேன். மறுநாள் காலையிலேயே ஆள் வந்துவிட்டார்.

வந்தவர் மாரிமுத்து. லோங்காங் சுத்தம் செய்யும் ஆட்களுக்கு மண்டோர், அதாவது மேற்பார்வையாளர். ஐம்பது தாண்டியவர். மழைக்கோட்டும் தொப்பியும் முட்டியளவு பூட்ஸுமாகப் பின்சந்தில் இறங்கி, ஒரு நீளக் கம்பியால் இந்த முனையிலும் அந்த முனையிலும் குத்திப் பார்த்தார். பிறகு என் அடுப்படி வாசலுக்கு வந்து, உள்ளே கால் வைக்காமல் வெளியிலேயே நின்றார். நான் அப்போது மோப்பால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. அடைப்பு ஒங்க அடுப்படிக்குக் கீழதான் இருக்கு. ரெண்டு ஸ்லாப்ப மட்டும் எடுத்தாப் போதும், தண்ணி ஓடிரும் லா. ஒடைக்காம நானே பாத்து எடுத்துத் தாரேன்."

மெதுவாகத்தான் சொன்னார். அக்கம்பக்கத்துக்குக் கேட்காதபடி என் மானத்தைக் காப்பாற்றித்தான் சொன்னார். அந்த நேரம் பார்த்து வரிசையிலிருந்த பெண்களும் ஆண்களும் பின்கதவுகளைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்கள். அடுத்த வீட்டு ஷாமினி, கல்லூரியில் படிக்கிற பெண், கைப்பேசியை உயர்த்திப் பிடித்தாள்.

என்னைப் பத்துப் பேர் பார்க்கிறார்கள். என் அடுப்படிதான் குற்றவாளி என்று ஒருவர் சொல்கிறார். நான் என்ன செய்தேன் தெரியுமா? மோப்பைத் தலைக்கு மேல் தூக்கினேன்.

"யோவ்! மழைத் தண்ணிக்கு ஓடற வழி தெரியுது! முனிசிபல்காரன் ஒனக்கு வேலைக்கு வர்ற வழி தெரியலையா?"

(அவர் வேலைக்கு வந்து, வேலை செய்து, வேலையின் முடிவை எனக்கு அறிவித்தபடிதான் அப்போது என் எதிரில் நின்றார். இது அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றவில்லை.)

அந்தக் குரல் என்னுடையதல்ல. என் அப்பா ரப்பர்த் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கராக இருந்தவர். விடியற்காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிற்கவைத்துப் பேர் கூப்பிடுவார், தாமதமாக வந்தவனை எல்லார் முன்னாலும் ஏசுவார். சிறுவயதில் அதைக் கேட்டு வெட்கப்பட்டிருக்கிறேன். அதே குரல் இத்தனை வருடம் என் தொண்டையில் குடியிருந்து, சரியான ஆளைப் பார்த்ததும் வெளியே வந்துவிட்டது. மாரிமுத்து வாயைத் திறந்தார், மூடினார், தலையைக் குனிந்துகொண்டு பின்சந்தில் நடந்து போனார். பெண்கள் கைதட்டினார்கள்.

அன்று மாலைக்குள் அந்தக் காட்சி ஊரெல்லாம் போய்விட்டது. ஷாமினி படம் பிடிக்கத் தொடங்கியது நான் மோப்பைத் தூக்கியதிலிருந்துதான். அதற்கு முன்னால் ஒரு மனிதர் மரியாதையாகப் பேசியது அதில் இல்லை. ஒரு நிமிடம்கூட ஓடாத படம். அதில் ஒரு கிழவன் கர்ஜிக்கிறான், ஒரு மண்டோர் ஓடுகிறார். அரசாங்கத்தோடு மனக்கசப்புள்ள எல்லாருக்கும் அது போதுமானதாக இருந்தது. அரசாங்கத்தோடு மனக்கசப்பு இல்லாதவர்கள் யார்?

காதர் பாயின் ரொட்டி சானாய்க் கடைக்குப் பல வருடங்களாகப் போய்வருகிறேன். என் பெயர் அவருக்குத் தெரியாது. "தே ஓ கோசோங்" என்று நான் குடிக்கும் பாலில்லாத, சீனியில்லாத தேநீரின் பெயரால்தான் என்னைக் கூப்பிடுவார். அந்த வாரம் போனபோது கல்லாவிலிருந்து எழுந்து வந்தார்.

"யா அல்லா! மோப்பு சார் நீங்கதானா? இத்தன நாளு நம்ம கடையிலயா ஒக்காந்திருந்தீங்க? டேய், சாருக்கு ஃபேனுக்குக் கீழ மேசை போடு! சார், ஒரு போட்டோ. கொஞ்சம் கோவமா பாருங்க. இன்னும் கோவமா. ஆங், அது!"

பேண்ட் சட்டை போட்டுக்கொண்டு போனால் யாருக்கும் என்னை அடையாளம் தெரியவில்லை என்பதை விரைவில் கண்டுபிடித்தேன். அதனால் வங்கிக்குக்கூடக் கைலியில் போனேன். பத்மாவை அந்தக் கைலிக்கு இஸ்திரி போடச் சொன்னேன். போட்டுக்கொடுத்துவிட்டு, "மோப்புக்கும் போடணுமா?" என்று கேட்டாள். கண்ணாடி முன் நின்று கோப முகம் பழகினேன். வலது புருவத்தைத் தூக்கினால் நன்றாக வருகிறது.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. ஊரில் ஏசுவதற்கு ஆள் தேவைப்படும் இடங்கள் எவ்வளவு இருக்கின்றன என்பது எனக்கு அதுவரை தெரியாது. கல்யாண வீட்டில் போட்டோக்காரர் தாமதமாக வந்தால் எனக்குப் போன் வந்தது. அடுக்குமாடியில் மின்தூக்கி பழுதானால் வந்தது. ஒரு தகப்பனார் தன் மகனை என் வீட்டுக்கே அழைத்து வந்தார்.

"சார், இவன் நாள் முழுக்க கேம்தான் வெளையாடறான். நான் சொன்னா கேக்கமாட்டேங்கறான். நீங்க வந்து ஒரு ஏசு ஏசிருங்க சார். மோப்பு எங்க, உள்ள இருக்கா?"

ஏசினேன். அந்தப் பையன் முழு நேரமும் என்னைப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். போகும்போது, "நன்றி தாத்தா, செம லா," என்றான். ஏசப்பட்டவன் நன்றி சொல்லிவிட்டுப் போகிறான் என்றால் அந்த ஏச்சுக்கு என்ன மதிப்பு என்று நான் யோசித்திருக்க வேண்டும். எத்தனை பேர் பார்ப்பார்கள் என்றுதான் யோசித்தேன்.

புகழைப் பற்றி நான் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று உண்டு. எனக்குத் தெரிந்ததைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பருவமழையைப் பற்றி, மண் அரிப்பைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. எண்ணெய் விலை, இளைஞர் ஒழுக்கம், தமிழர்களின் எதிர்காலம், டுரியானை இரவில் சாப்பிடலாமா என்பதையெல்லாம் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். டிகிரி வாங்கியபோது வராத அறிவு, மோப்பைத் தூக்கியதும் வந்துவிட்டதாக அவர்களும் நம்பினார்கள், நானும் நம்பினேன்.

அந்தச் சமயத்தில்தான் வட்டாரச் சங்கத்தின் தலைவர் நாகராஜன் வீட்டுக்கு வந்தார். அவர் பல வருடங்களாக டத்தோ பட்டத்துக்குக் காத்திருப்பவர். அது வரும்வரை மற்றவர்களுக்குப் பட்டம் கொடுத்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பாராட்டு விழா, 'மக்கள் குரல் மாமணி' விருது, பொன்னாடை, மாலை, சாப்பாடு. "நீங்க ஒண்ணும் செய்ய வேணாம் சார். கைலியில மட்டும் வந்துருங்க," என்றார்.

விழாவுக்கு மூன்று நாள் முன்னால், மாலை நேரத்தில், மாரிமுத்து வந்தார்.

வெளிக்கேட்டில் நின்று "சார்" என்று கூப்பிட்டார். பத்மாதான் உள்ளே அழைத்து உட்காரவைத்தாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து நான் புருவத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

"ஒங்கள கொற சொல்ல வரல சார்," என்றார். "ஒங்க கொரலு கேட்டப்ப எங்க தோட்டத்துக் கிராணி ஞாபகம் வந்துருச்சு. எங்கப்பா தஞ்சோங் ரம்புத்தான் பக்கம் பால்மரம் வெட்னவரு. பெரட்டுல அவர இப்படித்தான் ஏசுவாங்க. நான் கவர்மெண்டு வேலைக்குப் போய்ட்டேன், இனி எவனும் என்னை அப்படிக் கூப்பிடமாட்டான்னு நெனச்சேன்." சிரித்தார். "அது பரவால்ல. இப்ப ஆபீசுல விசாரணை வச்சிருக்காங்க. வேலைக்கு வரலன்னு எழுதியிருக்கு. மண்டோர் வேலையிலருந்து எறக்கிருவாங்க போல. எம் மக பாலர் பள்ளியில டீச்சரா இருக்கு. புள்ளைங்கள உடவர்ற அம்மாங்க அது மொகத்தப் பாத்துச் சிரிக்கிறாங்களாம்."

"அதுக்கு நான் என்ன செய்யணும்?" என்றேன்.

"நான் மறுநாளே வந்தேன், அடைப்பு எங்க இருக்குன்னு சொன்னேன். அத மட்டும் சொல்லிருங்க சார். ஆபீசுக்கு ஒரு வார்த்த. அது போதும்."

என் வாழ்க்கையில் இவ்வளவு சின்ன உதவியை யாரும் கேட்டதில்லை. மறுநாள் காலையில் முனிசிபல் அலுவலகத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டு, வழியில் காதர் பாய் கடையில் தேநீர் குடித்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் அலுவலகத்தில் யார் கைதட்டப் போகிறார்கள்?

"ஆபீஸ் எதுக்கு மாரிமுத்து? ஞாயித்துக்கெழம மேடையிலயே சொல்லிடறேன். ஊரே கேக்கட்டும். நீங்களும் மகளைக் கூட்டிக்கிட்டு வாங்க," என்றேன்.

அவர் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "பெரிய மனசு சார்," என்றார். பத்மா என்னைப் பார்த்த பார்வையில் கல்யாணமான புதிதில் இருந்த மரியாதை கொஞ்சம் தெரிந்தது.

அன்றிரவும் அடுத்த இரண்டு நாளும் கண்ணாடி முன் உண்மையைச் சொல்லிப் பழகினேன். உண்மை சொல்லும்போது என் முகம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. குரலை எங்கே தாழ்த்துவது, 'தவறு என்னுடையதுதான்' என்பதற்குமுன் எவ்வளவு நேரம் நிறுத்துவது என்பதையெல்லாம் தீர்மானித்தேன். கூட்டம் ஒரு கணம் திகைத்து, பிறகு எழுந்து நின்று கைதட்டுவதாகவும் ஏற்பாடு செய்துகொண்டேன்.

இதற்குள் செய்தி எப்படியோ கசிந்து, எங்கள் வரிசைக்காரர்கள் சிலர் வந்தார்கள். "சார், ஒங்க அடுப்படியோட போகாது. ஸ்லாப்புன்னு வாயத் தொறந்தீங்கன்னா வரிசை பூரா வந்து ஒடைப்பாங்க. எங்க வீட்டுல போன மாசந்தான் கேபினட் போட்டோம்," என்றார் ஒருவர். ஊருக்காகத்தான் பேசாமல் இருந்தேன் என்று பிற்காலத்தில் சொல்லிக்கொள்ள இது எனக்கு உதவியாக இருந்தது. அது பொய். அவர்கள் கேபினட்டை நான் ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, கோயில் கல்யாண மண்டபம். சிறப்புப் பிரமுகர் வர இரண்டு மணி நேரம் தாமதம். அதுவரை தலைவர் நாகராஜன் என்னைப் பற்றிப் பேசினார். என் பள்ளி வாழ்க்கையில் நடக்காத பல சம்பவங்களை அன்றுதான் கேள்விப்பட்டேன். மாரிமுத்து மூன்றாவது வரிசையில், தூய வெள்ளைச் சட்டையில், மகளோடு உட்கார்ந்திருந்தார். நான் பார்க்கும்போதெல்லாம் லேசாகத் தலையசைத்தார்.

பிறகு விருது வந்தது. கேடயம் இல்லை. ஒரு மோப்பு. தலைவருடைய தம்பி அன்று காலையில்தான் அதற்குத் தங்க நிறச் சாயம் அடித்திருந்தார். மண்டபமே விசிலடித்தது. இரண்டு கையாலும் வாங்கித் தலைக்கு மேல் தூக்கினேன். கைக்குள் ஏதோ பிசுபிசுத்தது. சாயம் காயவில்லை. கீழே வைக்கலாம் என்றால் எல்லாரும் படம் பிடிக்கிறார்கள்.

அப்போது பின்வரிசையில் யாரோ கத்தினார்கள்: "ஏய், அந்த மண்டோரு இங்க இருக்காரு லா! மூணாவது வரிசையில பாரு!"

கூச்சல் கிளம்பியது. தலைவர் நாகராஜன் இதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் மேடையில் எதையும் வீணாக்காத மனிதர் அவர். "அன்பர்களே, அமைதி! மண்டோர் இன்னைக்கு நம்ம சார்கிட்ட மன்னிப்புக் கேக்க வந்திருக்காரு! மேல வாங்க அண்ணே, வாங்க!" என்று மைக்கில் சொல்லிவிட்டார். இரண்டு பேர் போய் மாரிமுத்துவை மேடைக்கு அழைத்துவந்தார்கள். அவருடைய மகள் பாதி எழுந்து, பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

மாரிமுத்து என் பக்கத்தில் நின்றார். கலங்கவில்லை. நான் சொல்லப்போகிறேன் என்பது அவருக்குத் தெரியும். அதனால்தான் அத்தனை கூச்சலிலும் அமைதியாக, கைகளை முன்னால் கட்டிக்கொண்டு, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மைக் என் கைக்கு வந்தது.

"அன்பு நெஞ்சங்களே," என்று தொடங்கினேன். "நான் இன்று உங்களிடம் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும்..."

"வசனம்!" என்றது ஒரு குரல்.

"அன்று காலையில் நடந்தது..."

"வசனம்! வசனம்! மோப்பு சார், வசனம்!" பிள்ளைகள், பெண்கள், சிறப்புப் பிரமுகர், சமையல்கட்டிலிருந்து எட்டிப்பார்த்தவர்கள் எல்லாரும். மண்டபம் முழுக்கக் கைப்பேசி வெளிச்சம்.

எனக்கு ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. உண்மையைச் சொன்னால் இந்த வெளிச்சமெல்லாம் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கும். கண்ணாடி முன் பழகியபோது எழுந்து நின்று கைதட்டிய கூட்டம் இது இல்லை. இவர்கள் உண்மை கேட்க வரவில்லை, சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தடவை சிரிக்க வந்தவர்கள்.

மோப்பைத் தூக்கினேன். மாரிமுத்துவின் பக்கம் திரும்பினேன். வலது புருவத்தை உயர்த்தினேன்.

"யோவ்! மழைத் தண்ணிக்கு ஓடற வழி தெரியுது...!"

மிச்சத்தை மண்டபமே சொல்லி முடித்தது. கூரை அதிர்ந்தது. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரோ ஒரு பொன்னாடையைக் கொண்டுவந்து மாரிமுத்துவின் கையில் திணித்து, "போடுங்க அண்ணே, சாருக்குப் போடுங்க," என்றார்கள்.

அவர் போட்டார். வீசி எறியவில்லை. இரண்டு கையாலும் விரித்து, என் தோளில் போர்த்தி, சரிந்த மடிப்பைச் சரிசெய்தார். அப்போது என் காதருகே சொன்னார்:

"இப்பகூட சொல்லலாம் சார். மைக்கு ஒங்க கையிலதான் இருக்கு."

நான் மைக்கில், "நன்றி, நன்றி," என்றேன்.

போட்டோக்காரர், "கட்டிப்பிடிங்க சார், கட்டிப்பிடிங்க," என்றார். கட்டிப்பிடித்தேன். விட்டதும் மாரிமுத்து மேடையிலிருந்து இறங்கி, நடுவழியாக வாசலை நோக்கி நடந்தார். அவருடைய வெள்ளைச் சட்டையின் முதுகில் என் இரண்டு உள்ளங்கைகளும், பத்து விரல்களும், தங்க நிறத்தில் பளிச்சென்று பதிந்திருந்தன. அதைப் பார்த்து மண்டபம் இன்னொரு தடவை சிரித்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் அவர் திரும்பிப் பார்த்தார். மகள் ஓடிவந்து கைக்குட்டையால் துடைத்தாள். அது இன்னும் பரவியது.

காரில் உட்கார்ந்ததும் பத்மா என் கையிலிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டாள். பிறகு, "ஸ்டியரிங்க தொடாதீங்க. ஒட்டுது. எறங்குங்க, நான் ஓட்டறேன்," என்றாள். வீட்டுக்கு வந்து, சாயம் போக டர்பன்டைன் ஊற்றிக் கொடுத்தாள். நான் தேய்த்துக்கொண்டிருக்கும்போது கதவோரம் நின்று சொன்னாள்: "நீங்க சொல்லப்போறீங்கன்னு நம்பி, அந்த மனுசன் புதுச் சட்ட போட்டுட்டு வந்திருந்தாரு. மடிச்ச கோடுகூடப் போகல. பாத்தீங்களா?"

நான் பார்க்கவில்லை.

முதல் படத்தைவிட இரண்டாவது படம் வேகமாகப் பரவியது. 'மண்டோர் மன்னிப்புக் கேட்டார்' என்று அதற்குத் தலைப்பு. விசாரணையில் அதையே போட்டுக்காட்டினார்களாம். தப்பு செய்யாதவன் ஏன் மேடையேறிப் பொன்னாடை போர்த்தினான் என்று கேட்டார்களாம். மண்டோர் பதவி போனது. சிலகாலம் குப்பை லாரியில் வைத்திருந்தார்கள். அதற்கப்புறம் அவரே வேலையை விட்டுவிட்டு பாகான் டத்தோவுக்குப் போய், மைத்துனருடைய தென்னந்தோப்பைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கினார்.

என் புகழ் அடுத்த மழைக்காலம்வரைகூடத் தாங்கவில்லை. பாசாரில் ஒரு பெண்மணி மீனைக் கையில் வைத்துக்கொண்டு ஆடிய ஆட்டம் ஒன்று எல்லாருடைய கைப்பேசியிலும் வந்தது. காதர் பாய் கடையில் ஃபேனுக்குக் கீழே இருந்த என் படத்தின்மேல் அந்தப் பெண்மணியின் படம் ஒட்டப்பட்டது. கைலியில் வங்கிக்குப் போனபோது காவலாளி, "பாக்சிக், பேண்ட் போட்டுட்டு வாங்க," என்று, மலாய்க்காரர்கள் பெரியவர்களைக் கூப்பிடும் மரியாதையோடு, திருப்பி அனுப்பினார். மறுபடியும் மழை வந்தது. மறுபடியும் அரிசிப் பானை மிதந்தது. இந்தத் தடவை முனிசிபலுக்கு நான் போன் செய்யவில்லை. ஆள் வைத்து இரண்டு ஸ்லாப்பை எடுத்தேன். தண்ணீர் ஓடியது. அவர் சொன்னபடி, இரண்டே ஸ்லாப்புதான்.

அதன் பிறகுதான் பத்மாவோடு பாகான் டத்தோவுக்குப் போனேன். மாரிமுத்து தோப்பில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையைத் துடைத்துவிட்டு, நாற்காலி போட்டு, இளநீர் வெட்டித் தந்தார். நான் எழுந்து நின்றே சொன்னேன். கண்ணாடியில் பழகாமல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல், திக்கித் திக்கிச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டார்.

"எனக்கு இதெல்லாம் முன்னாடியே தெரியும் சார்," என்றார். கோபமில்லை. "தெரியாதவங்ககிட்ட சொல்லணும். இங்க கேக்கறதுக்கு யாரு இருக்கா? தென்னமரந்தான்."

பத்மா இளநீரைக் கீழே வைத்துவிட்டாள்.

ஊருக்குத் திரும்பி, தெரியாதவர்களிடம் சொல்லக் கிளம்பினேன். முனிசிபல் அலுவலகத்தில் கோப்பு மூடியாகிவிட்டது என்றார்கள். தலைவர் நாகராஜன், "பழசக் கெளறாதீங்க சார், விருது குடுத்த சங்கத்துக்கு அசிங்கம்," என்றார். ஷாமினியைக் கூப்பிட்டு, படம் பிடி என்றேன். பின்சந்தில் நின்று, அந்த ஸ்லாப்பைக் காட்டி, நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவளும் போட்டாள். அவளுடைய தோழிகள் சிலரும், என் மகளும், பினாங்கிலிருக்கும் ஒரு பழைய மாணவனும் பார்த்தார்கள். கீழே ஒருவர் எழுதியிருந்தார்: "மோப்பு எங்க?" இன்னொருவர்: "யாரு லா இந்தத் தாத்தா, ரொம்ப அறுக்கறாரு."

இப்படிப்பட்ட கட்டுரைகளில் கடைசியில் எங்கள் வீட்டில் இன்றும் இதைச் சொல்லிச் சிரிப்போம் என்று முடிப்பார்கள். எங்கள் வீட்டிலும் சிரிக்கிறார்கள். ஆனால் என்னைப் பார்த்து இல்லை. என்னை எல்லாரும் மறந்துவிட்டார்கள். மாரிமுத்துவை மறக்கவில்லை. அவர் முகத்தை யாரோ வெட்டியெடுத்து, தொப்பியைக் கோணலாக்கி, 'வந்துட்டேன் பாஸ்' என்று எழுதி, வாட்சாப் ஸ்டிக்கர் ஆக்கிவிட்டார்கள். எவர் தாமதமாக வந்தாலும் அதை அனுப்புவது வழக்கமாகிவிட்டது. எங்கள் குடும்பக் குழுவிலும்தான். வாய் பாதி திறந்திருக்கும் அந்த முகத்தைப் பார்ப்பவர்கள் கொட்டாவி விடுகிறார் என்று நினைக்கிறார்கள்.

போன வாரம் அந்தக் குழுவில் நான் காலை வணக்கம் சொல்லத் தாமதமாகிவிட்டது. கோலாலம்பூரிலிருந்து பேத்தி எனக்கே அதை அனுப்பினாள். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, ஒரு விரலால் தட்டித் தட்டி எழுதினேன். இவர் பெயர் மாரிமுத்து, ஈப்போவில் லோங்காங் மண்டோராக இருந்தவர், ஒருநாளும் வேலைக்குத் தாமதமாக வந்ததில்லை, அந்தப் படத்தில் அவர் கொட்டாவி விடவில்லை, தாத்தாவுக்குப் பதில் சொல்ல வாயெடுக்கிறார், தாத்தா சொல்லவிடவில்லை.

சிறிது நேரம் கழித்துப் பேத்தியிடமிருந்து பதில் வந்தது.

"தாத்தா, இவரு நெஜமான ஆளா?"

ஆமாம் என்று எழுதினேன். கையோடு மருமகன் குழுவுக்குள் வந்து, இப்போதுதான் எழுந்ததாகச் சொல்லி எல்லாருக்கும் வணக்கம் போட்டார். நான் எழுதியது மேலே போய்விட்டது. அவரை வரவேற்க என் மகள் மாரிமுத்துவின் முகத்தை அனுப்பினாள்.